வேகமான ரிசீவருக்கு ஆட்டத்துக்கு மூன்று பந்து போதுமா?

கேள்வி இதுதான்: "மேற்படிப்புக்கு அமெரிக்கா வந்து இரண்டு வருடம் ஆகிறது. எங்கள் பல்கலைக்கழக ஃபுட்பால் அணியில் ஒரு வைட் ரிசீவர் இருக்கிறான். 40 யார்டை 4.3 நொடியில் ஓடுகிறானாம். ஆனால் ஆட்டத்துக்கு மூன்று பந்துதான் அவன் பக்கம் வருகிறது. அதுவும் எல்லாம் நீளமாக வீசுவது, பாதி கைக்கே வராது. இப்படி ஒருவன் இருந்தால் கோச் என்ன செய்ய வேண்டும்?"

தம்பி, கோச்சைத் திட்டுவதை ஒரு வாரம் தள்ளி வையுங்கள். மூன்று என்ற எண்ணிக்கையை மட்டும் வைத்து எதுவும் சொல்ல முடியாது. கல்லூரி ஆட்டத்தில் ஓர் அணி ஏறக்குறைய 70 தடவை பந்தை எடுத்து ஆடும். பந்து வராத அந்த 67 தடவையில் அந்தப் பையன் எங்கே நின்றான், எந்தப் பக்கம் ஓடினான், அவனைப் பார்த்து எதிரணியில் யார் யார் இடம் மாறினார்கள் என்று பாருங்கள். கோச் அந்த வேகத்தைப் பயன்படுத்துகிறாரா, வீணடிக்கிறாரா என்பது அங்கேதான் தெரியும்.

இந்த ஆட்டம் புதிது என்பவர்களுக்காக ஒரு பத்தி. ஹெல்மெட் போட்டு ஆடும் அமெரிக்கன் ஃபுட்பால் பற்றிப் பேசுகிறோம். நாலு வாய்ப்புக்குள் 10 யார்டு முன்னேற வேண்டும். குவார்ட்டர்பேக் வீசுவார், வைட் ரிசீவர் ஓடிப்போய்ப் பிடிப்பார். பந்தைக் கையில் வாங்கிக்கொண்டு ஓடுபவர் ரன்னிங் பேக். ரிசீவரை ஒட்டி ஓடும் எதிராளி கார்னர்பேக். நடுவில் நிற்பவர் லைன்பேக்கர். எல்லோருக்கும் பின்னால் கடைசிக் காவலாக நிற்பவர் சேஃப்டி. இவ்வளவு தெரிந்தால் போதும்.

சரி, 4.3 என்றால் எவ்வளவு வேகம்? கல்லூரியில் ஒரு நல்ல கார்னர்பேக் 4.5 ஓடுவார் என்று வைத்துக்கொள்வோம். வித்தியாசம் 0.2 நொடி. முழு வேகத்தில் போகிறவன் ஒரு நொடியில் ஏறக்குறைய 10 யார்டு கடப்பான். ஆக 0.2 நொடி என்பது 2 யார்டு, அதாவது ஆறு அடி. துரத்தி வருகிறவன் கையை நீட்டினாலும் எட்டாது. ஆனால் அந்த ஆறு அடி 40 யார்டு நேராக ஓடிய பிறகுதான் கிடைக்கும். முதல் 10 யார்டில் ஒரு முழம் தேறினால் அதிகம். ஆட்டத்தில் 40 யார்டு நேராக ஓட எத்தனை தடவை விடுவார்கள்?

இருந்தும் எதிரணி பயப்படும். ஒரே ஒரு தடவை அவன் தாண்டிப் போனாலும் டச் டவுன், ஆறு புள்ளி போய்விடும் என்று தெரியும். அதனால் கார்னர்பேக் முதலிலேயே 7, 8 யார்டு தள்ளிப் போய் நிற்பார். 12 யார்டில் நிற்க வேண்டிய சேஃப்டி 15, 16 யார்டுக்குப் பின்வாங்குவார். பந்து இன்னும் தரையில்தான் இருக்கிறது, அதற்குள் இவர்கள் நிலத்தை விட்டுக்கொடுத்தாகிவிட்டது. கிரிக்கெட்டில் பார்த்திருப்பீர்கள். சிக்ஸர் அடிக்கிறவன் வந்தால் லாங் ஆன், லாங் ஆஃப், டீப் மிட்விக்கெட் எல்லாம் கயிற்றோரம் போய்விடும். அப்புறம் அவன் சும்மா தட்டிவிட்டே இரண்டு இரண்டாக ஓடுவான். வேகமான ரிசீவர் வைத்திருக்கும் கோச் முதலில் வசூலிக்க வேண்டியது அந்த இரண்டு ரன்னைத்தான். கார்னர்பேக் 8 யார்டு தள்ளி நிற்கிறாரா, 5 யார்டு ஓடித் திரும்பி நின்று பிடி. சேஃப்டி பின்னால் போய்விட்டாரா, நடுவில் ஓர் ஆள் குறைந்துவிட்டது, ரன்னிங் பேக்கிடம் பந்தைக் கொடுத்து உள்ளே ஓட விடு. இந்த இரண்டும் அலுப்பான ஆட்டம்தான். ஆனால் இதைச் செய்யாமல் நீளப் பந்தை மட்டும் வீசுகிற கோச், எதிரணி தானாகக் கொடுத்த பணத்தை மேசையிலேயே விட்டுவிட்டு எழுந்து போகிறார்.

நான் இதை டிவியில் கற்றுக்கொள்ளவில்லை. கேமரா பந்தைத்தான் பிடிக்கும், சேஃப்டி எப்போதும் திரைக்கு வெளியே இருப்பார். நாக்ஸ்வில்லில் உள்ள நெய்லாண்ட் மைதானத்தில் ஒரு லட்சத்துக்கும் மேல் கூட்டம் உட்காரும். மேல் அடுக்குக்குப் படி ஏறினால் பழனி மலை ஏறின மாதிரி மூச்சு வாங்கும். 2022 அக்டோபர் 15 அன்று டென்னசி, அலபாமா பல்கலைக்கழக அணிகளின் ஆட்டத்துக்கு எனக்கு அந்த உச்சியில்தான் இடம். பக்கத்தில் ஆரஞ்சும் வெள்ளையும் கோடு போட்ட ஓவரால்ஸ் மாட்டிய ஒரு பெரியவர். நான் எல்லோரையும் போல குவார்ட்டர்பேக்கின் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் என் தோளைத் தட்டி, பந்தை விடு, அந்த ஆளைப் பார் என்று அலபாமாவின் சேஃப்டியைக் காட்டினார். அங்கிருந்து பார்த்தால் 22 பேரும் எறும்பு மாதிரி, ஆனால் ஒருவர் விடாமல் தெரிகிறார்கள். பந்து நகர்வதற்கு முன் அந்த சேஃப்டி ஒரு காலை முன்னால் வைப்பதும், யோசித்துப் பின்னால் எடுப்பதும் அவ்வளவு உயரத்திலிருந்தும் தெரிந்தது. அவருக்கு எதிரே நின்றவர் டென்னசியின் ரிசீவர் ஜேலின் ஹையட்.

அன்று ஹையட் பிடித்தது ஆறே பந்து. 207 யார்டு. அந்த ஆறில் ஐந்து டச் டவுன். அதில் ஒன்று 60 யார்டு, இன்னொன்று 78 யார்டு. ஆட்டம் 52-49 என்று டென்னசி பக்கம் முடிந்தது. 2006-க்குப் பிறகு அன்றுவரை அலபாமாவை அவர்கள் ஜெயித்ததே இல்லை. கூட்டம் இறங்கிப்போய் கோல் கம்பத்தைப் பிடுங்கி டென்னசி ஆற்றில் போட்டது தனிக் கதை.

எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. அதற்கு முந்தைய வருடம் இதே ஹையட் முழுப் பருவத்திலும் 21 பந்துதான் பிடித்தார், 226 யார்டு. 2022-ல் 67 பந்து, 1,267 யார்டு, 15 டச் டவுன், நாட்டின் சிறந்த ரிசீவருக்கான பிலெட்னிகாஃப் விருது. ஒரு வருடத்தில் கால் வேகமாகிவிடவில்லை. அவர் உழைத்தார், உடம்பைத் தேற்றினார், அதை மறுக்கவில்லை. ஆனால் நிற்கும் இடம் மாறியதுதான் பெரிய காரணம் என்பேன்.

எப்படி மாறியது என்று சொல்கிறேன். கோச் ஜாஷ் ஹைப்பெல் தன் வெளி ரிசீவர்களைக் கிட்டத்தட்ட பக்கவாட்டுக் கோட்டின் மேலேயே நிறுத்துவார். பார்த்தால் தண்ணீர் குடிக்கப் போகிறார்களோ என்று தோன்றும். அவர்களுக்கும் நடுவில் நிற்கும் தடுப்பாளர்களுக்கும் இடையில் ஒரு வயல் அளவு வெற்றிடம். அந்த வெற்றிடத்தில், ஸ்லாட் என்கிற இடத்தில், ஹையட். கார்னர்பேக்குகள் வெளி ஆட்களோடு கோட்டோரம் போய்விட்டார்கள். லைன்பேக்கர் ஹையட் பக்கம் நகர்ந்தால் நடுவில் ஓட்டத்துக்கு வழி திறக்கும், நகராவிட்டால் ஹையட் தனி. கடைசியில் அவரைப் பார்த்துக்கொள்ள மிச்சமிருப்பது சேஃப்டி ஒருவர்தான். சேஃப்டி என்பவர் பொதுவாகக் கார்னர்பேக்கைவிடக் கனமானவர், மெதுவானவர். உங்கள் அணியின் மிக வேகமான ஆளுக்கு எதிரே, எதிரணியின் வேகம் குறைந்த ஆளைக் கொண்டுவந்து நிறுத்தியாகிவிட்டது.

இன்னொன்றும் உண்டு. ஸ்லாட்டில் நிற்பவர் ஆரம்பக் கோட்டிலிருந்து ஓரடி பின்னால் நிற்கலாம். கோட்டின் மேலேயே நிற்கும் வெளி ரிசீவரின் மார்பில் கார்னர்பேக் கை வைத்துத் தள்ளித் தாமதப்படுத்துவார். பிரஸ் என்பார்கள். என்.எஃப்.எல் என்கிற தொழில்முறை லீகில் 5 யார்டு தாண்டிய பிறகு அப்படித் தொடக்கூடாது என்று விதி இருக்கிறது. கல்லூரியில் அந்த 5 யார்டு விதி கிடையாது. 75 கிலோ பையனை 90 கிலோ ஆள் முதல் இரண்டு அடியிலேயே பிடித்து நிறுத்திவிட்டால் 4.3 நொடியை வைத்து என்ன செய்ய? பஸ் ஸ்டாண்டை விட்டே கிளம்பாத எக்ஸ்பிரஸ் பஸ்தான். ஆகவே, உங்கள் பையனைக் கோட்டிலிருந்து பின்னுக்கு இழுங்கள், இன்னொரு ரிசீவருக்குப் பின்னால் மறைத்து நிறுத்துங்கள், இல்லாவிட்டால் பந்து கிளம்பும்போதே அவன் பக்கவாட்டில் ஓடிக்கொண்டிருக்கும்படி செய்யுங்கள். எதிராளி அவன்மேல் கை வைக்கக் கூடாது, அவ்வளவுதான்.

எந்தப் பக்கம் நிறுத்துவது என்பதும் கல்லூரி ஆட்டத்தில் பெரிய கேள்வி. என்.எஃப்.எல் பார்த்துப் பழகியவர்கள் இதைக் கவனிப்பதில்லை. மைதானத்தின் அகலம் 160 அடி. உள்ளே இரண்டு வரிசையாகச் சின்னச் சின்னக் கோடு போட்டிருப்பார்கள், ஹாஷ் என்று பெயர். ஆட்டம் ஓரத்தில் முடிந்தால் பந்தை அந்தக் கோட்டில் கொண்டுவந்து வைத்துத்தான் அடுத்ததைத் தொடங்குவார்கள். கல்லூரியில் இரண்டு ஹாஷுக்கும் இடைவெளி 40 அடி, என்.எஃப்.எல்-லில் 18 அடிக்குக் கொஞ்சம் அதிகம். கணக்குப் போட்டுப் பாருங்கள். கல்லூரியில் பந்து ஒரு ஹாஷில் இருந்தால் ஒரு பக்கம் 60 அடி, மறுபக்கம் 100 அடி. அந்த 100 அடிப் பக்கம் வேகமான ஆளுக்குச் சொர்க்கம். ஆனால் அங்கே வெளிக்கோடு வரை வீச குவார்ட்டர்பேக்குக்குக் கை பலம் வேண்டும். பந்து வெகுநேரம் காற்றில் இருக்கும், கார்னர்பேக் குறுக்கே புகுந்துவிடுவார். அதனால் அகலப் பக்கத்தின் உள்ளே, ஸ்லாட்டில் நிறுத்துவது எனக்குப் பிடித்த வழி. குறுகிய பக்கத்தின் கோட்டோரத்தில் உயரமான, பந்தை மேலே எழும்பிப் பிடிக்கிற ஆள் நிற்கட்டும். வேகமானவனை அங்கே வைத்தால் பக்கவாட்டுக் கோடே எதிரணிக்கு இன்னொரு ஆளாக நின்று உதவும்.

அடுத்தது, பந்தை எப்போது கையில் கொடுப்பது. நின்றுகொண்டிருப்பவனிடம் கொடுத்து இனி ஓடு என்பதைவிட, ஏற்கனவே ஓடிக்கொண்டிருப்பவனிடம் கொடுப்பது மேல். ஜெட் மோஷன் இதற்காகத்தான். ரிசீவர் ஒரு ஓரத்திலிருந்து கிளம்பிக் குவார்ட்டர்பேக்கின் முன்னால் முழு வேகத்தில் குறுக்கே ஓடுவான், சரியாக அந்த நேரத்தில் பந்து வரும், கையில் வாங்கியபடியே மறுபக்கம் போய்விடுவான். இதில் ஒரு கெட்டிக்காரத்தனம் உண்டு. குவார்ட்டர்பேக் பந்தைக் கையில் கொடுக்காமல், ஒரு சாண் தூரம் முன்னால் தட்டிவிடுவார். பூ எறிகிற மாதிரி. விதிப்படி அது முன்னோக்கி வீசிய பாஸ். தவறவிட்டால் பந்து செத்தது, மறுபடி ஆடலாம். கையில் கொடுக்கும்போது தவறினால் எதிரணி எடுத்துக்கொண்டு ஓடும். 2012 ஜனவரி 4, ஆரஞ்சு பவுல் ஆட்டத்தில் வெஸ்ட் வர்ஜீனியா இதை வைத்து கிளெம்சனைப் பந்தாடியது, 70-33. டேவன் ஆஸ்டின் அன்று நாலு டச் டவுன் பிடித்தார். அவற்றில் சில இந்தத் தட்டிவிடும் பந்துதான். ஏட்டில் குவார்ட்டர்பேக் ஜீனோ ஸ்மித் கணக்கில் பாஸ் டச் டவுன் என்று ஏறியிருக்கும். பந்து காற்றில் போனது ஒரு சாண்.

இரண்டு மூன்று தடவை நிஜமாகவே கொடுத்துவிட்டால், நாலாவது தடவை கொடுக்காமலே வேலை நடக்கும். அவன் குறுக்கே ஓடியதும் லைன்பேக்கர்கள் இரண்டு எட்டு அந்தப் பக்கம் வைப்பார்கள். அந்த இரண்டு எட்டு இடைவெளியில் ரன்னிங் பேக் நுழைந்து போவார். ஆனால் சில கோச்சுகள் பருவம் முழுக்க அவனைக் குறுக்கே ஓட்டி ஓட்டிப் பந்தே கொடுக்க மாட்டார்கள். மூன்றாவது வாரத்தில் எதிரணி வீடியோ பார்த்துக் கண்டுபிடித்துவிடும். அப்புறம் அவன் ஓடுவது காலைப் பயிற்சி மாதிரிதான்.

ஃப்ளோரிடா பல்கலைக்கழகத்தில் கோச் அர்பன் மையர், பெர்சி ஹார்வினை வைத்து இதைச் சரியான அளவில் செய்தார். 2008-ல் ஹார்வின் 70 தடவை பந்தோடு ஓடி 660 யார்டு, 40 தடவை பிடித்து 644 யார்டு. இரண்டும் கிட்டத்தட்டச் சமம் என்பதைப் பாருங்கள். ரிசீவரா ரன்னரா என்று எதிரணிக்கு முன்கூட்டித் தெரியாது. ஓக்லஹோமாவுடன் நடந்த தேசிய இறுதி ஆட்டத்தில் 9 தடவை ஓடி 122 யார்டு எடுத்தார், ஃப்ளோரிடா 24-14 என்று சாம்பியன் ஆனது. பருவம் முழுக்க மொத்தம் 110 தடவைதான் பந்து அவர் கைக்குப் போனது. ஆட்டத்துக்கு ஏழெட்டுக்கு மேல், பத்துக்குள். உங்கள் கேள்விக்கு எண்ணிக்கையாகத்தான் பதில் வேண்டும் என்றால் என் பதிலும் அதுதான். மூன்று குறைவு. பதினைந்து அதிகம், உடம்பு தாங்காது. ஹார்வினே கணுக்கால் சுளுக்கி அதற்கு முன் நடந்த எஸ்.இ.சி இறுதி ஆட்டத்தில் (ஃப்ளோரிடா ஆடும் வட்டார லீக் அது) ஆட முடியாமல் உட்கார்ந்திருந்தார்.

அளவை மீறினால் என்ன நடக்கும் என்பதற்கும் டேவன் ஆஸ்டினே உதாரணம், மறுபக்கமாக. 2012 நவம்பரில் ஓக்லஹோமாவுக்கு எதிராக அவரை ரன்னிங் பேக் இடத்திலேயே நிறுத்திவிட்டார்கள். 21 தடவை ஓடி 344 யார்டு. எதிரணி உதைத்த பந்தை வாங்கி ஓடும் கிக் ரிட்டர்ன் எல்லாம் சேர்த்து அன்று 572 யார்டு. பார்க்கக் கண் கொள்ளாத ஆட்டம். வெஸ்ட் வர்ஜீனியா 50-49 என்று தோற்றது. ஒருநாள் வித்தையாகச் செய்யலாம். ஐந்தடி எட்டங்குலப் பையனை 12 வாரம் நடுவில் விட்டு மோத விட முடியாது.

இப்போது நீளப் பந்துக்கு வருகிறேன். உங்கள் அணியில் பாதி கைக்கு வரவில்லை என்கிறீர்கள். ரிசீவர் மேல் தப்பு இருக்காது என்று நினைக்கிறேன். நேரக் கணக்கைப் பாருங்கள். ஆட்டம் தொடங்கி 2.7 நொடியில் அவன் ஏறக்குறைய 23 யார்டு போயிருப்பான். அப்போது வீசினால் பந்து காற்றில் இரண்டரை நொடி இருக்கும், அதற்குள் அவன் இன்னும் 25 யார்டு போவான். குவார்ட்டர்பேக் 7 யார்டு பின்னால் நிற்பதையும் சேர்த்தால் 55 யார்டு எறி. நல்ல கை உள்ளவரால் முடியும். ஆனால் அவர் ரிசீவர் தாண்டட்டும் என்று 3.5 நொடி வரை காத்திருந்தால் அது 64 யார்டு எறி ஆகிவிடும். அந்தத் தூரம் கல்லூரியில் பலருக்கு எட்டாது. பந்து தூரம் போதாமல் முன்னாலேயே விழும், ரிசீவர் நின்று திரும்பி வர வேண்டும், கார்னர்பேக் வந்து சேர்ந்துவிடுவார். 4.3 ஓடுகிறவனை நம் குவார்ட்டர்பேக்கே 4.7 ஆக்கிவிட்டார். பயிற்சியாளர்கள் சொல்வது இதுதான்: அவன் கார்னர்பேக்குக்குச் சமமாக வந்துவிட்டாலே தாண்டிவிட்டான் என்று வைத்துக்கொண்டு வீசு. கண்ணால் பார்த்து உறுதி செய்துகொண்டு வீசினால் பிந்திவிட்டது.

எனக்கே இது நடந்திருக்கிறது, சிரிக்கக் கூடாது. திருநெல்வேலியில் பள்ளி நாட்களில் நூறு மீட்டர் ஓடிப் பரிசு வாங்கியவன் நான். இங்கே வந்த முதல் வருடம் அறை நண்பர்கள் ஃப்ளாக் ஃபுட்பாலில் சேர்த்துக்கொண்டு, நீ வேகமா ஓடுவேல்ல, நேரா ஓடு என்றார்கள். முதல் தடவை ஓடினேன், எதிராளி ஐந்தடி பின்னால். பந்தும் வந்தது. கிரிக்கெட்டில் மிட் ஆனிலிருந்து பின்னோக்கி ஓடி, தலைக்கு மேல் வரும் பந்தைப் பிடித்துப் பார்த்திருக்கிறீர்களா? அதேதான், கழுத்தைத் திருப்பினால் கால் மெதுவாகிறது, திருப்பாவிட்டால் பந்து தெரியவில்லை. பந்து என் தோளில் பட்டு விழுந்தது. இரண்டாவது தடவையும் நேராக ஓடினேன். மூன்றாவது தடவை எதிராளி 15 யார்டு தள்ளி நின்று, நான் வருவதற்காகக் காத்துக்கொண்டிருந்தான். பிரேக் போட்டு 10 யார்டில் நின்று திரும்பியிருந்தால் சும்மா பிடித்திருக்கலாம். ஆனால் நிற்கத் தெரியவில்லை, முழு வேகத்தில் போய் அவன்மேலேயே மோதினேன். ஓடுவது எனக்குத் தெரிந்தது. மூன்று எட்டில் நிற்பது வேறு வித்தை, அதற்கு வருடக்கணக்கில் பயிற்சி வேண்டும் என்று அன்றுதான் புரிந்தது. உங்கள் பையனும் ஓட்டப்பந்தயத்திலிருந்து வந்தவன் என்றால், கோச் அவனுக்குக் குறைவாகப் பந்து தருவதற்கு இது ஒரு நியாயமான காரணமாக இருக்கலாம்.

நிற்கவும் தெரிந்துவிட்டால் கார்னர்பேக்கின் கதி கஷ்டம்தான். முதல் 12 யார்டு நேராக வருகிறான், கார்னர்பேக் முதுகைத் திருப்பிக்கொண்டு ஓட ஆரம்பிக்கிறார், இவன் 15-ல் நின்று கோட்டோரம் திரும்புகிறான். கம்பேக் என்று பெயர். இதை இரண்டு தடவை காட்டிய பிறகு மூன்றாவது தடவை நின்றமாதிரி காட்டி மறுபடி கிளம்பினால் மைதானத்தில் யாரும் பக்கத்தில் இருக்க மாட்டார்கள்.

நீளப் பந்துக்கு நான் அதிகம் நம்புவது யாங்கி என்ற திட்டம். ரன்னிங் பேக்கிடம் கொடுப்பதுபோல் ஏமாற்றிவிட்டு, எட்டுப் பேர் குவார்ட்டர்பேக்கைப் பாதுகாக்க நின்றுவிடுவார்கள். ஓடுவது இரண்டே ரிசீவர். ஒருவன் நேராகப் போய் நடுப்பக்கம் சாய்வான், இன்னொருவன் அவனுக்குக் கீழே 20 யார்டில் மைதானத்தைக் குறுக்கே கடப்பான். பின்னால் ஒரே சேஃப்டி என்றால் அவர் யாரைப் பிடிப்பார்? வேகமானவனைத் துரத்தினால் குறுக்கே வருபவனுக்குப் பந்து. இதில் நம் பையன் பெரும்பாலும் பொறிக்குள் வைத்த கருவாடு. ஆட்டத்துக்கு மூன்று நாலு தடவை இப்படிச் சும்மா ஓடிக்கொடுத்தால் பக்கத்து ரிசீவரின் கணக்கில் நூறு யார்டு சேரும், இவன் கணக்கில் பூஜ்யம். புள்ளிவிவரத்தைப் பார்த்து நீங்கள் கோபப்படுவது இந்த இடத்தில்தான் தவறும்.

கல்லூரி விதியில் ஒரு குறை இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். தாண்டிப் போகிறவனைக் கார்னர்பேக் வேண்டுமென்றே பிடித்து இழுத்தால், என்.எஃப்.எல்-லில் தவறு நடந்த இடத்திலேயே பந்து வைக்கப்படும், 50 யார்டாக இருந்தாலும் சரி. கல்லூரியில் தண்டனை அதிகபட்சம் 15 யார்டுதான். 60 யார்டு டச் டவுனைவிட 15 யார்டு மலிவு என்று கார்னர்பேக்குக்குக் கணக்குத் தெரியும். வேகத்தை நீளப் பந்தாக மட்டும் வைத்திருக்கும் அணி இப்படி விலை குறைத்து வாங்கப்படுகிறது.

ரிசீவர் நிற்கும் இடத்தைக் கவனமாகக் கலைத்துப் போட்டால் வேகமே தேவைப்படாத தருணமும் வரும். 2021 ஜனவரியில் அலபாமா, ஒஹையோ ஸ்டேட் இறுதி ஆட்டம். அலபாமாவின் டெவான்டா ஸ்மித் முதல் பாதியிலேயே 12 பந்து, 215 யார்டு, மூன்று டச் டவுன். ஓட்ட வேகத்தில் அவர் அந்த அணியிலேயே முதல் ஆள் இல்லை. மூன்றாவது டச் டவுனின்போது அவரை நகர்த்தி நகர்த்தி, எதிரணியில் யார் யாரைப் பார்ப்பது என்ற ஒப்பந்தமே குழம்பி, கடைசியில் அவர் பின்னால் ஒரு லைன்பேக்கர் ஓடிக்கொண்டிருந்தார். 42 யார்டு. அந்த லைன்பேக்கரை யாரும் திட்டக் கூடாது. லாரியைக் கொண்டுபோய் ரேஸில் விட்டால் லாரி என்ன செய்யும்? அந்த ஆட்டத்தைத் திட்டமிட்ட ஸ்டீவ் சார்கிசியன் அடுத்து டெக்சாஸுக்குத் தலைமை கோச்சாகப் போனார். அங்கே அவரிடம் ஆடிய சேவியர் வொர்தி 2024-ல் 40 யார்டை 4.21-ல் ஓடிச் சாதனை படைத்தார்.

கிக் ரிட்டர்னுக்கு விடலாமா என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் கேட்பீர்கள். என்னைக் கேட்டால், பன்ட் (வாய்ப்பு தீரும்போது எதிரணி உதைத்து அனுப்பும் பந்து) வாங்க விடுங்கள், கிக் ஆஃபுக்கு (ஆட்டத்தைத் தொடங்கி வைக்கும் உதை) வேண்டாம். 2020-ல் அலபாமாவின் மிக வேகமான ஜேலன் வாடில் டென்னசிக்கு எதிராக முதல் கிக் ஆஃபை வாங்கி ஓடும்போதே கணுக்கால் உடைந்தது. 2007 ஜனவரி இறுதி ஆட்டத்தில் ஒஹையோ ஸ்டேட்டின் டெட் கின் முதல் கிக் ஆஃபை 93 யார்டு ஓடி டச் டவுன் போட்டார். கொண்டாட வந்த சக வீரர்கள் மேலே விழுந்து அவர் பாதம் போனது. அதற்கப்புறம் ஒஹையோ ஸ்டேட் ஆடிய ஆட்டம் மொத்தம் 82 யார்டு, ஃப்ளோரிடாவிடம் 41-14 தோல்வி. எதிரணியால் தொட முடியாதவனை நம் ஆட்களே படுக்க வைத்தார்கள்.

ஒரு சின்ன விஷயம், பலர் கவனிக்காதது. முழு வேகத்தில் 40 யார்டு ஓடியவன் உடனே இன்னொரு 40 ஓட முடியாது. ஹைப்பெல் மாதிரி மூச்சு விடாமல் அடுத்தடுத்து ஆடும் அணிகளில், பந்து தன் பக்கம் வராது என்று தெரிந்த ரிசீவர் சும்மா இரண்டு எட்டு நடந்துவிட்டு நிற்பதைப் பார்க்கலாம். சோம்பேறி என்று கூட்டம் கத்தும். அவன் அடுத்த ஓட்டத்துக்குக் காலைச் சேமிக்கிறான். எதிரே நிற்கும் கார்னர்பேக்கும் அப்பாடா என்று தளர்வார், அடுத்த பந்து அவர் தலைக்கு மேல் போகும்.

ஆகவே அடுத்த சனிக்கிழமை இப்படிச் செய்யுங்கள். அந்தப் பையன் எப்போதும் ஒரே இடத்தில், குறுகிய பக்கத்துக் கோட்டின் மேல் நின்று, மார்பில் அடி வாங்கிக்கொண்டு நேராக மட்டும் ஓடுகிறானா? அப்படியென்றால் கோச்சைத் தாராளமாகத் திட்டலாம். உள்ளே, வெளியே, பின்னால் என்று மாறி நிற்கிறானா, அவன் நகர்ந்ததும் சேஃப்டி கூடவே நகர்கிறாரா, அந்த நேரத்தில் நடுவில் ரன்னிங் பேக் ஆறு ஏழு யார்டு எடுக்கிறாரா? அப்படியென்றால் அவனுக்கு மூன்றே பந்து வந்தாலும் சண்டை போட ஒன்றுமில்லை. இதெல்லாம் கீழ் வரிசையிலிருந்து தெரியாது. மேல் அடுக்குக்குப் போங்கள், டிக்கெட்டும் அங்கேதான் மலிவு. படி ஏறத் தண்ணீர் பாட்டில் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள்.